வர: ஒரு ஆள்

வேலை முடிந்து வந்த லிஃப்ட் மெக்கானிக், காலணியைக்கூடக் கழற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். மனைவி இறந்து பதினோரு மாதம். வங்கி அவள் கணக்கை எப்போதோ மூடிவிட்டது. வீட்டுக் கணக்கு எழுதும் மென்பொருளில் மட்டும், திறக்கும்போதெல்லாம் அவன் பெயருக்கும் மேலே அவள் பெயர் முதல் வரியில் நின்றது. அதைச் 'செயலற்ற கணக்குகள்' பட்டியலுக்குத் தள்ள இன்றுதான் தெம்பு வந்தது. தெம்புகூட இல்லை, அலுப்பு.

"அப்பா, வந்துட்டியா?" உள்ளறையிலிருந்து மகள். ஒன்பது வயது. பேச்சுக்கு நடுவே மூச்சு இழுத்தது.

"இதோ கண்ணு, ரெண்டு நிமிஷம்."

பொத்தானை அழுத்தினான். கம்ப்யூட்டர் மறுத்தது. வரவிருக்கும் பதிவுகள் உள்ள கணக்கை மூட இயலாது.

செத்தவளுக்கு இனி என்ன வரவிருக்கிறது?

எந்தச் செலவையும் முதல் நாளே எழுதிவைப்பது அவள் பழக்கம். "எழுதிட்டு செலவு பண்ணுங்க, கை அடங்கும்" என்பாள். எமனே வந்தாலும் வண்டிக் கூலியை எழுதிவிட்டுத்தான் நீ கிளம்புவாய் என்று இவன் கேலி செய்வான்.

திரையில் இன்றைய தேதியில் இரண்டு வரிகள்.

போக: வாடகை கார், ஆஸ்பத்திரி. ரெண்டு பேர்.

வர: வாடகை கார். ஒரு ஆள்.

அதற்கு மேலே, அவளைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாளின் பதிவு. இதுவரை அவன் திறந்து பார்க்காதது. அதிலும் அதே இரண்டு வரிகள். எழுதிய நேரம், முந்தின நாள் மாலை.

அறையில் தைல வாசனை. அவள் போனபிறகு இந்த வீட்டில் யாரும் தைலம் தேய்த்ததில்லை.

வரிகளை அழித்தான். திரும்ப வந்தன.

அழித்தான்.

வந்தன.

உள்ளே இருமல். பிறகு, இருமக்கூட மூச்சில்லாத சத்தம்.

"அப்பா... முடியல."

இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை. காரை வரச்சொல்லி, மகளைத் தோளில் தூக்கிக்கொண்டான். அவனுக்குப் பயமாக இருந்தது. பதினோரு மாதமாகச் சரியாகத் தூங்காதவனுக்கு, பயத்தைவிடக் களைப்புதான் அதிகமாக இருந்தது. வெளியே ஹாரன் அடித்தது.

வாசல்வரை போனவன் திரும்பி வந்தான். ஒரு கையால், ஒவ்வோர் எழுத்தாக, கடைசி வரியில் சேர்த்தான்.

பாப்பா மட்டும்.

"யாருக்குப்பா எழுதுற?" மகள் கிசுகிசுத்தாள்.

"அம்மாவுக்கு."

அவன் கழுத்தருகே மகளின் இழுப்பு மெல்லத் தணிந்து மூச்சு சீரானது. அவன் இடது கை மட்டும் மரத்துப்போனது.

திரை ஒருமுறை அணைந்து எரிந்தது. இப்போது பட்டியலின் மேலே யாருடைய கணக்கும் இல்லை. கீழே, செயலற்றவற்றில், மனைவி பெயருக்கு அடுத்து அவன் பெயர் இருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு சொல், அவன் எதைச் சொன்னாலும் அவள் சொல்லும் பதில்.

சரிங்க.