ஜனவரியில் திறந்த ஜன்னல்

2006 ஜனவரி, செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணி. ஒஸ்லோவின் மருந்து ஆய்வுக்கூடம் ஒன்றில், அதை நடத்திவந்த செபஸ்ரியன் நாற்காலியில் சாய்ந்தபடி செத்துக் கிடந்தார். ஜன்னல் அகலத் திறந்திருந்தது. அறைக்குள் எலும்பைக் குடையும் குளிர்.

பிரேத பரிசோதனையில் அவர் கண்களில் மெல்லிய ஜெல் படலம் தெரிந்தது. சொட்டாக விழுந்து, கண்ணுக்குள் ஜெல்லாகி, மணிக்கணக்காக நின்று வேலை செய்யும் கண் அழுத்த மருந்து. அந்தக் கூடமே பாடுபட்டு உருவாக்கியது. ஆஸ்துமாக்காரருக்கு அது எமன். செபஸ்ரியனுக்குச் சிறுவயது முதலே ஆஸ்துமா. அவர் தினமும் கண் உலர்வுக்கு விடும் குப்பியில் யாரோ இதை ஊற்றிவைத்து, பிறகு குப்பியையும் மாற்றியிருந்தார்கள்.

மருந்தைத் தயாரிப்பவள் அவர் மனைவி மரியகொறற்றி. அவளை நாளை நீதிமன்றத்தில் நிறுத்துவதென்று மேலதிகாரி முடிவே கட்டிவிட்டார். ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் தமிழரோடு வளர்ந்த துப்பறிவாளர் மேரினுக்கு அதில் மனம் ஒப்பவில்லை. அப்பாவை இழந்த இரண்டு பிள்ளைகள் அம்மாவையும் இழக்கப் போகிறார்கள்.

"அக்கா, ஜன்னலை அவரே திறந்திருப்பாரோ?" மேரின் மரியகொறற்றியிடம் கேட்டாள்.

"குளிர்காத்துப் பட்டா அவருக்கு இழுக்கும், பிள்ளை. கார்க் கண்ணாடியைக்கூட இறக்கமாட்டார்."

"இந்த மருந்து எப்பிடி இறுகுது?"

"முந்தி உடம்புச் சூட்டிலை இறுகினது. குளிர்ந்தாத் திரும்பத் தண்ணியாப் போயிடும். நவம்பரிலை நான்தான் மாத்தினனான். இப்ப கண்ணீர் உப்புப் பட்டு இறுகும், குளிருக்கு உருகாது. குப்பியும் லேபிளும் பழசுதான்."

ஆய்வுக்கூடத்தின் சாவி வைத்திருந்த மற்றவன், செபஸ்ரியனின் தொழில் கூட்டாளி பிரவீணன்.

"நான் திங்கட்கிழமைதான் வேலைக்குத் திரும்பினனான். ஒக்டோபரிலையிருந்து தகப்பன்மாருக்கான லீவு. பிள்ளையோடை வீட்டிலை நிண்டனான்."

மேரின் அவனையே பார்த்தாள்.

"செத்தவரின்ரை கண் குளிர்ந்தா மருந்து தண்ணியாகி வழிஞ்சிடும் எண்டு நினைச்ச ஆள்தான் ஜன்னலைத் திறந்தது. அக்கா அப்பிடி நினைக்கமாட்டா, மாத்தினதே அவதான். பழைய மருந்தை மட்டும் தெரிஞ்சவர் நீங்கள்."

பிரவீணனின் முகம் வெளிறியது.

"நான் பிள்ளைக்குப் பால் கரைச்சுக்கொண்டு நிக்கேக்கை, செபஸ்ரியன் காப்புரிமையிலையிருந்து என்ரை பேரை எடுத்துப்போட்டார். மருந்தை மாத்தினதையும் ஒருத்தரும் சொல்லேல்லை."

கைவிலங்கு பூட்டியபோது அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

"நாலு மணிக்குப் பிள்ளையைப் பகல் காப்பகத்திலையிருந்து கூட்டிக்கொண்டு வரோணும். இண்டைக்கு என்ரை முறை."

மேரின், மரியகொறற்றியை அடைத்திருந்த அறையின் கதவைத் திறந்துவிடப் போனாள்.