தட்டைத் தானே கழுவும் தம்பி

அன்று காலையும் ரகுபதி சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தான். அதற்குச் சற்று முன், இன்னொரு கை பழைய சோறு போடப் போன சிவந்தியிடம், "போதும் அக்கா, நன்றி" என்றான். கூடப் பிறந்தவளுக்கு நன்றி! அவள் கை அந்தரத்திலேயே நின்றது.

"நான் தட்டைக் கழுவுனா உனுக்கு ஆவாதா?"

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

காட்டுப்பள்ளித் தீவில் தாயும் தகப்பனும் வாந்திபேதியில் போனபோது அவனுக்கு எட்டு வயது, சிவந்திக்குப் பதினெட்டு. தம்பியின் காலம் வலையோடு முடிந்துவிடக் கூடாது என்று பட்டணத்து போர்டிங் பள்ளியில் சேர்த்தாள். அவனுக்காக மீன்கூடை சுமந்தாள். வந்த வரன்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள். போன மாதம் காய்ச்சலில் படுத்தவளை அவன் திருவொற்றியூர் வீட்டுக்கு அழைத்து வந்தான். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே யோசனை... தான் அனுப்பிய பிள்ளைதானா இவன்? வாய் திறக்காமல் சாப்பிடுகிறான். பசி என்று சொல்வதில்லை. துணியைக்கூடத் தானே துவைக்கிறான்.

"அவரு எங்கிட்டயும் அப்டித்தான், அண்ணி" என்றாள் தம்பி மனைவி. சிவந்தியின் மனம் ஆறவில்லை. தீவுக்கே திரும்பிவிட மூட்டையைக் கட்டிக்கொண்டு, தோணி ஏற எண்ணூருக்கு வந்துவிட்டாள்.

முகத்துவாரத்தில் தோணிக்காரன் மண்ணாங்கட்டி குந்தியிருந்தான். "இரு யக்கா. சர்க்கார் படகு ஆழம் பாத்துகினு கீது. அதுல உன் தம்பிதான் கீறான்."

தம்பி வேலை செய்து அவள் பார்த்ததே இல்லை. கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். கரையோரமாக வந்த படகில் எஞ்சினியர் வரைபடத்தைக் காட்டி நேரே போகச் சொன்னார். ரகுபதி குனிந்து தண்ணீரின் நிறத்தைப் பார்த்தான். "வேணாங்க சார், அங்கே மணல் மேடு." ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கினான். இடுப்பளவுகூட இல்லை. உடனே நோட்டை எடுத்து இங்கிலீஷில் கடகடவென்று எழுதினான்.

நிறம் பார்த்து மேடு சொல்ல அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அதை அவன் மறக்கவில்லை.

படகு கரைக்கு வந்தது. மூட்டையைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. "எங்கக்கா போற?"

"தட்டு கழுவக்கூட ஒதவாதவ அங்க இன்னாத்துக்குடா? அந்தப் பள்ளிக்கூடத்துல உன்னை இன்னா பண்ணாங்க? இன்னிக்காவது சொல்லு."

அவன் மணலில் உட்கார்ந்தான். "தட்டு கழுவலைன்னா அடுத்த வேளை சோறு கெடையாது. ரெண்டாந்தபா கேட்டா பிரம்படி. நன்றி சொல்லலைன்னாலும் அடி. பத்து வருசம்... இப்போ கை தானா செய்யுதுக்கா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடா?"

"சொல்லியிருந்தா மறுநாளே தோணியோட வந்து இட்டுகினு போயிருப்ப. நீ பட்ட பாடெல்லாம் வீணாப் பூடுமேன்னு..."

சிவந்தி, தான் மட்டும்தான் பாடுபட்டதாக இருபது வருடம் நினைத்திருந்தாள். அவன் தலையை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். படகிலிருந்து எஞ்சினியர் பார்த்துக்கொண்டிருக்க, ரகுபதி விம்மி விம்மி அழுதான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "மொத நாள்லருந்து சொல்லு. ராத்திரி எங்க படுத்த? பக்கத்துல யாரு படுத்துகினு இருந்தான்?"

அவன் சொல்லத் தொடங்கினான். மண்ணாங்கட்டி அவளைக் கூப்பிடாமலே தோணியை அவிழ்த்துக்கொண்டு போனான்.