உப்புச்சேற்றில் நின்ற படை

கத்தியின் முனை ஈரமாக இருந்தது.

சகாயசெல்வி சிவப்பு பெயிண்டை இன்னும் திறக்கவே இல்லை. கத்தி, விரல் உயர பிளாஸ்டிக் வீரன் ஒருவன் கையில் இருந்தது. மேஜை மேல் பொம்மைப் படைகளை நிறுத்திச் சண்டை விளையாட்டு ஆடுகிறவர்களுக்காக, பாண்டிச்சேரிக் கடை ஒன்று பெயிண்ட் அடிக்க அனுப்பியிருந்த பிணப்படையில் ஒருவன். இதுவரை சாம்பல் நிறம் மட்டுந்தான் பூசியிருந்தாள். சேற்றைக் கிழித்துக்கொண்டு எழுந்து வருகிற மாதிரி இருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதால், யாரும் இறங்காமல் கிடக்கும் பழைய உப்புப் பாத்தியிலிருந்து அவள் கணவன் பிரபாகரன் சேறு அள்ளி வந்து கொடுத்தான். ஒவ்வொருவன் காலடித் தட்டிலும் பசை தடவி அதை அப்பினாள். காய்ந்ததும் உப்புப் பூத்து, அசல் உப்பளம் போலவே வெளுத்திருந்தது.

கத்தி முனையைத் தொட்டு முகர்ந்தாள். பெயிண்ட் வாடை இல்லை. மீன் அறுத்த கையின் வாடை.

மேஜைக்குப் பின்னால் பல்லி கிடந்தது. தலை ஒரு பக்கம், கால்கள் தனித்தனியாக. ஒவ்வொரு வெட்டும் அவ்வளவு சுத்தம்.

"என்னங்க... இங்க வந்து பாருங்களேன்."

விடியுமுன்னே உப்பளத்துக்குப் போய்வந்த களைப்பில் உள்ளறைப் பாயில் கிடந்த பிரபாகரன் புரண்டான். "பூனை கடிச்சுப் போட்டிருக்கும். தூங்க வுடு செல்வி."

"பூனை வெட்டுமாங்க?"

பதிலுக்குக் குறட்டைதான் வந்தது.

எல்லா வீரர்களையும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். வாசல் குழாயடியில் கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், வாடை போகவில்லை. உச்சிவெயிலில் பாத்திகள் கண்ணைக் கூச, காற்று நின்றுபோய், தூரத்து ரோட்டில் லாரி ஒன்று இரைந்து அடங்கியபின், வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் கேட்டது. உப்பை நறநறவென்று மிதிக்கிற சத்தம். பலர் மிதிக்கிற சத்தம்.

உள்ளே ஓடினாள். குழவி வைத்த இடத்திலேயே இருந்தது. மூடியும் அப்படியே. மூச்சு வந்தது. குழவியை எடுத்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு டின்னைத் தூக்கினாள்.

கனமே இல்லை. பின்பக்கத் தகரம் உள்ளிருந்து வெட்டிப் பிளந்திருந்தது.

உள்ளறையில் பிரபாகரன் அலறினான்.

எழ முயன்று விழுந்தான். மறுபடி எழுந்தான், விழுந்தான். இரண்டு குதிகால் நரம்பும் அறுந்து தொங்கின. பாயெல்லாம் ரத்தம். அதில் சாம்பல் நிற வீரர்கள் ஊர்ந்து அவன்மேல் ஏறினார்கள்.

"மாதாவே!"

குழவியால் ஓங்கி ஒருவனை அடித்தாள். பிளாஸ்டிக் உடையும் சத்தம் கேட்கவில்லை. எலும்பு நொறுங்கியது. முகத்தில் சூடாகத் தெறித்தது.

பாதத்தில் ஒரு குத்து. கெண்டைக்காலில் இன்னொன்று. முழங்காலில் விழுந்தாள். பின்கழுத்தில் ஒன்று இறங்கியது.

"போயிடு செல்வி... போ..."

அவன் குரல் பாதியில் நின்றது. அவளுக்குக் கண் இருண்டது.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கை, கால் எதுவும் அசையவில்லை. எதிரே பிரபாகரன் மல்லாந்து கிடந்தான். மார்பு ஏறி இறங்கியது. உதடுகளைத் தங்கள் ஊசி போன்ற ஈட்டிகளால் குத்திச் சேர்த்திருந்தார்கள். முகம் முழுக்க, அவள் அவர்களுக்குப் பூசிய அதே சாம்பல் நிறம். பூச்சு ஒரு இடத்திலும் திட்டுத்திட்டாக இல்லை.

இருவர் அவன் இமையைத் தூக்கிப் பிடித்தார்கள். மூன்றாமவன் பிரஷ்ஷைத் தோளில் சுமந்துகொண்டு கன்னத்தில் ஏறினான். நுனியில் கறுப்புப் பெயிண்ட் சொட்டியது. கருவிழி மட்டும் அவளைத் தேடிச் சுழன்றது.