வலப்பக்கத்து மீட்டர்

"என் புருஷன் உயரத்தைத் தப்பாப் படிச்சாருன்னு விசாரணை அறிக்கையில எழுதப் போறாங்க சார். அவர் அப்படிப்பட்ட ஆளே இல்ல. நீங்கதான் நிரூபிக்கணும்."

விமானி அறையின் ஒலிப்பதிவை மேசையில் வைத்துவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்தாள். சின்ன சரக்கு விமானம். கேப்டன் அவளுடைய அப்பா, துணை விமானி அவளுடைய கணவன். மூடுபனியில் இறங்கும்போது ஓடுபாதைக்கு முன்பே மரங்களில் மோதியது. கணவன் போய்விட்டான். அப்பா இரண்டு காலும் முறிந்து வீட்டில் கிடக்கிறார்.

துப்பறிபவருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். அவருடைய மனைவியின் தம்பிக்கு அந்த வியாதி கிடையாது. "நாச வேலை அத்தான்! சந்தேகமே இல்ல" என்றார் அவர்.

"முதல்ல கேட்போம் மச்சான்."

கேட்டார்கள். விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம் புதிய காற்றழுத்த எண்ணைச் சொன்னது; அதை வைத்தால்தான் உயரம் காட்டும் மீட்டர் சரியாகக் காட்டும். கணவன் அதைத் திருப்பிச் சொன்னான். கேப்டன், "சரி பாத்தாச்சு" என்றார். சிறிது நேரம் இரைச்சல் மட்டும். பிறகு கணவனின் குரல்: "மாமா, உங்க மீட்டர்..."

"என் மீட்டருக்கு என்ன?"

"இல்ல மாமா. சும்மா."

கொஞ்சம் கழித்து அதே குரல், "ஆயிரம் அடி" என்றது. ரேடார் கணக்குப்படி விமானம் அப்போது அறுநூறில் இருந்தது.

"உங்கப்பா என்ன சொல்றாரும்மா?" என்று கேட்டார் நிதானம்.

"என் புருஷன் சொன்ன உயரமும் அப்பாவோட மீட்டர் காட்டினதும் ஒண்ணாத்தான் இருந்துச்சாம்."

நிதானம் தலையாட்டிக்கொண்டார்.

விமான நிலையக் கொட்டகையில் சிதைந்த முன்பகுதி கிடந்தது. மீட்டர்களின் மேல் சேறு அப்பியிருந்தது. ஒலிப்பதிவிலேயே குற்றவாளி கிடைத்துவிட்ட தைரியத்தில் விசாரணைக்காரர்கள் அதைத் துடைத்துக்கூடப் பார்க்கவில்லை. நிதானம் கைக்குட்டையால் துடைத்தார். கேப்டன் உட்காரும் இடப்பக்க மீட்டரில் பழைய அழுத்த எண், துணை விமானியின் வலப்பக்கத்தில் புதியது.

மறுநாள் காலை கேப்டனின் கட்டிலருகே எல்லோரும் கூடினார்கள்.

"இறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் அவங்கவங்க மீட்டர்ல புது எண்ணை வைக்கணும். அதைச் சத்தமாச் சொல்லி ஒப்பிடணும். நீங்க எண்ணைச் சொல்லல கேப்டன். ஏன்னா நீங்க மாத்தவே இல்ல" என்றார் நிதானம்.

கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப என் புருஷனோட மீட்டர் சரியா இருந்ததா?" மகளின் முகத்தில் அத்தனை நாளில் முதல்முறையாக உயிர் வந்தது.

"சரியாத்தாம்மா இருந்துச்சு. அறுநூறுன்னு காட்டியிருக்கும்."

"பின்ன ஏன் அத்தான் ஆயிரம்னு சொன்னாரு?" என்று மச்சான் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"வெவ்வேற எண் வச்ச ரெண்டு மீட்டரும் ஒரே உயரத்தைக் காட்டாது. கேப்டனோ மாப்பிள்ளை சொன்ன உயரமும் தன் மீட்டரும் ஒண்ணா இருந்துச்சுங்கறாரு. அவர் பொய் சொல்லல. மாப்பிள்ளை தன் மீட்டரை விட்டுட்டு மாமனார் மீட்டரைப் பாத்துப் படிச்சிருக்காரு. வித்தியாசம் அவர் கண்ணுல பட்டுச்சு, வாயையும் திறந்தாரு. ஒரு அதட்டல். மாமா தப்புப் பண்ணமாட்டாரு, தன் மீட்டர்தான் கோளாறுன்னு நெனைச்சிருக்கணும். விமானத்துல கேப்டன்னுதான் கூப்பிடணும். மாப்பிள்ளை அங்கேயும் மருமகனாவே உக்காந்திருந்தாரு."

அவள் கேட்டு வந்தது கணவன்மேல் தப்பில்லை என்ற ஒரு சொல். கிடைத்ததோ இரண்டு பேர்மேலும் தப்பு. நிதானத்துக்கு மனசு கனத்தது. இந்த வேலையையே எடுத்திருக்கக் கூடாது என்று நினைத்தார்.

கேப்டன் கண்ணைத் திறந்தார். "அழுத்திச் சொல்லியிருக்கலாமே... நான் என்ன பண்ணியிருப்பேன்? நாலு வார்த்தை திட்டியிருப்பேன். அவ்வளவுதானே?"

"அந்த அவ்வளவுக்குத்தாம்ப்பா அவர் பயந்தாரு" என்றாள் மகள்.

கேப்டன் சுவர்ப்பக்கம் திரும்ப முயன்றார், கால்கள் விடவில்லை. அவள் எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துத் திருப்பிப் படுக்க வைத்தாள். அந்த வீட்டில் அதைச் செய்ய அவளைத் தவிர இப்போது வேறு ஆள் இல்லை.