கணு உடைக்காத மூங்கில்

மீன்கள் எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்து நின்றன.

மிசாவோ தீனி வாளியை மிதவை மேடையில் வைத்துவிட்டு, இன்னும் முழுதாக விடியாத பனிக்குள் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். ஓடுகிற ஆற்றில் மீன் ஓட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும், அது அவளுக்குத் தெரியும். இது குளம். வாய்க்கால் அடைத்த, ஒரு நாணல் தாள்கூட அசையாத குளம். அதில் தாமரைக் கரையிலிருந்து நாணல் கரைவரை பரந்து கிடந்த அத்தனை வெள்ளிக் கெண்டைகளும் கரைக்கு வாலைக் காட்டிக்கொண்டு, நடுக்குளத்தை நோக்கி வட்டம் கட்டி நின்றன.

"வெயில் பட்டா கலைஞ்சு போயிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இன்றைக்குத் திறப்பு நாள். சூரியன் ஒரு ஆள் உயரம் ஏறுவதற்குள், மடக்கு இருக்கைகளையும் மயில் பீலித் தக்கைகளையும் தூக்கிக்கொண்டு தூண்டில்காரர்கள் வந்துவிடுவார்கள். ஹெரா என்று அவர்கள் கொஞ்சுகிற இந்தக் கெண்டையை யாரும் தின்பதில்லை. பிடிப்பார்கள், வலையில் ஏந்தி ஒரு நிமிஷம் அழகு பார்ப்பார்கள், திரும்ப விட்டுவிடுவார்கள். அப்பா வெட்டிய குளம். அவர் படுத்த படுக்கையானதும் பாழாகி, ஊரார் பழைய டயரும் துருப்பிடித்த சைக்கிளும் வீசுகிற நாற்றக் குட்டையாகிவிட்டது. ஒசாகாவில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டும் வேலையை உதறிவிட்டு மிசாவோ வந்து மண்வெட்டியைக் கையில் எடுத்தபோது, ஐம்பத்து நாலு வயதில் இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். பேசுகிற வாய்க்கு வேலை வேண்டாமா?

தம்பி தெத்சுரோதான் நேராகவே கேட்டான். குளத்தில் பாதி அவன் பெயரில் இருந்தது.

"அக்கா, மூடிட்டு சோலார் பலகை போட ஒருத்தன் ஒத்தைக் கால்ல நிக்கிறான். நீ சேத்துல உழண்டு என்னத்தைக் கண்ட?"

"சேறும் என்னோடது, உழலுறவளும் நான். உனக்கு எங்க அரிக்குது?"

"அப்பா வெச்சிருந்தப்பவே மீன் செத்துச் செத்து மிதந்துது. சரி, உன் ஆசையைக் கெடுப்பானேன். திறப்பு நாள் காலையில வந்து பார்ப்பேன். ஒரு மீன் மல்லாந்து கிடந்தாலும் நீ கையெழுத்துப் போடணும்."

"போடுறேன். ஒண்ணும் மிதக்கலைன்னா இந்தப் பேச்சை நீ ஜென்மத்துக்கும் எடுக்கக்கூடாது."

அந்த வீம்பில்தான் குளிர்காலம் முழுக்க உழைத்தாள். தண்ணீரை இறைத்து, அடிச்சேறு வெடித்துப் பிளக்கும்வரை காயவிட்டு, சுண்ணாம்பு தூவி, தாமரைக் கிழங்கைக் குளிர்ந்த சேற்றில் கையாலேயே அழுத்தி, நீர்ப்பாசியைக் கொத்துக் கொத்தாகக் கல் கட்டி இறக்கி, மீன் முட்டையிட நாணலை நட்டு, கடைசியில் லாரித் தொட்டியிலிருந்து கெண்டைகள் வெள்ளிச் சரிவாக இறங்கிய அன்று அவள் வாய்விட்டு அழுதாள். தனியாகத்தான் அழுதாள், யாரும் பார்க்கவில்லை.

ப்ளக்.

சத்தம் காலடியில் கேட்டது. ஒரு கெண்டை தண்ணீருக்கு வெளியே வாயைத் தூக்கிக் காற்றை விழுங்கியது. மூச்சு போதவில்லை என்றால் மீன் இப்படித்தான் மேலே வரும். மிசாவோ ஓடிப்போய், தண்ணீருக்குக் காற்றூட்டும் சக்கரத்தின் பொத்தானை அமுக்கினாள். சக்கரம் சளசளவென்று தண்ணீரை அடித்து நுரைத்தது. ஒரு மீன்கூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. பனியின் ஈர வாசனைக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை எழுந்தது, வெகுகாலம் மூடிவைத்த ஜாடியைத் திறந்ததுபோல, புளிப்பும் இரும்பும் கலந்து.

ப்ளக்.

இப்போது ஒரு மீன் அல்ல. குளம் முழுக்க ஆயிரம் வாய்கள் ஒன்றாகத் திறந்தன. ஒன்றாக மூடின. பிறகு ஒரு நீண்ட இடைவெளி. மீனுக்கு உரிய இடைவெளி அல்ல அது, ஆள் மூச்சுக்குக்கூட மிக நீளம். அடுத்த சத்தம் கேட்கும்வரை தானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது மிசாவோவுக்கு மெல்லத்தான் உறைத்தது. வேண்டுமென்றே பெரிதாக மூச்சு விட்டாள். மறுபடியும் அது அந்தத் தாளத்திலேயே போய் ஒட்டிக்கொண்டது.

நடுக்குளத்தில் மூங்கில் நின்றது. அவள் நட்ட மூங்கில்.

அவள் அங்கே பார்க்காமல் இருக்கத்தான் இத்தனை நேரமும் முயன்றுகொண்டிருந்தாள். அப்பா குளம் வெட்டுவதற்கு முன் அது வயல், வயலுக்கு நடுவில் ஒரு கிணறு. கிணற்றை மூடினால் உப்பும் மதுவும் தெளித்து, உள்ளே கணுத் தடுப்புகளை உடைத்துக் குழாயாக்கிய மூங்கிலொன்றை நட்டு வைப்பது இந்தப் பக்கத்து வழக்கம். மண்ணுக்கு அடியில் கிணறு மூச்சு விட வேண்டுமாம். அப்பாவும் நட்டிருந்தார். தூர் வாரும்போது அந்தக் கறுத்த மூங்கில் தட்டுப்பட்டதும், மண் அள்ளும் வண்டி ஓட்டிய இனாபா வண்டியையே நிறுத்திவிட்டார்.

"இதை மட்டும் நான் தொட மாட்டேன் அக்கா."

"தூண்டில் நரம்பெல்லாம் இதுல போய்ச் சிக்கும் அண்ணே. கிணத்துக்கு என்ன, நுரையீரலா இருக்கு?"

"நீங்க சிரிங்க. எடுக்குறதுன்னா வேற ஒண்ணு நட்டுட்டு எடுங்க. இல்லேன்னா நாளைக்கு எனக்கு வேலை இருக்கு, வர முடியாது."

பாதிச் சேற்றோடு வேலையை நிறுத்திவிடுவாரே என்று, மிசாவோ பழையதைத் தானே பிடுங்கி எறிந்தாள். கொல்லைப்புறத்தில் ஒரு பச்சை மூங்கிலை வெட்டிவந்து அதே துளையில் இறக்கினாள். ஒவ்வொரு கணுவாகக் கம்பி விட்டு உடைக்க அரை நாள் பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று உடைக்காமலே நட்டாள். அவர் வாயை அடைக்க நட்டது. துளைக்குள் அது தக்கைபோல இறுகிப் பொருந்தியது.

கைப்பேசியை எடுத்து இனாபாவை அழைத்தாள். தூக்கக் கலக்கத்தில் பேசியவர், மீன்கள் நிற்கும் விதத்தைச் சொன்னதும் தூக்கம் தெளிந்து கேட்டார்.

"அக்கா, கணு உடைச்சுத்தானே நட்டீங்க?"

"இல்ல."

"ஐயோ."

"என்ன ஐயோ? என்ன ஆகும், அதைச் சொல்லுங்க."

"எனக்கெப்படித் தெரியும்? அதை மூச்சடைச்சு வெச்சுப் பார்த்த ஆள் யாருமில்ல. நான் வர்றேன். நான் வர்ற வரைக்கும் நீங்க தண்ணிப் பக்கம் போகாதீங்க."

"என் குளத்துல இறங்க நான் யாரைக் கேட்கணும்?" என்று சொல்லிவிட்டு வைத்தாள். இனாபா விட்டுப்போன நீள இரும்புக் கம்பியைத் தூக்கிப் படகில் போட்டாள்.

துடுப்பு போடப் போட மீன்கள் விலகவில்லை. படகின் அடிப்பலகையில் அவற்றின் முதுகுகள் உரசுவது முழங்காலுக்குத் தெரிந்தது. கரை மறைந்தது. சக்கரத்தின் சத்தம் எங்கோ பக்கத்து ஊரில் கேட்பதுபோல் தேய்ந்தது. மூங்கிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் படகில் மண்டியிட்டு, மூங்கிலின் வாய்க்குள் கம்பியை விட்டு ஓங்கிக் குத்தினாள். முதல் கணு உடைந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. "மீனைத் தொடாதே" என்றாள், யாரிடம் என்று தெரியாமலே. "என்கிட்ட வா. மீனைத் தொடாதே."

கடைசிக் கணு உடைந்தது.

ஒன்றும் நடக்கவில்லை.

காற்று வரவில்லை. சத்தம் வரவில்லை. சுற்றிலும் கெண்டைகள் ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கின. வெள்ளை வயிறுகள். இங்கே ஒன்று. அங்கே நாலு. தாமரைப் பக்கம் ஒரு கூட்டம்.

சாலையில் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வந்துவிட்டார்கள்.

"விட மாட்டேன்" என்றாள் மிசாவோ. அடைத்த ஊதாங்குழலை என்ன செய்வோமோ அதைத்தான் அவள் செய்தாள். குனிந்து, மூங்கிலில் வாயை வைத்து, நெஞ்சில் இருந்த மூச்சு முழுவதையும் ஊதினாள்.

அடியில் ஏதோ இளகியது.

மீன்கள் நிமிர்ந்தன.

வாயை எடுத்தாள். மீன்கள் சாய்ந்தன. மறுபடி ஊதினாள். நிமிர்ந்தன. சரி. இவ்வளவுதானா? இவ்வளவுதான் என்றால் சாயங்காலம்வரை ஊதுவேன். ஊதினாள். தலை சுற்றியது. ஊதினாள். இழுக்க மூச்சில்லாமல் அவள் திணறிய நொடியில், கீழேயிருந்து மூச்சு வந்தது. வெதுவெதுப்பாக. நிதானமாக. புளிப்பும் இரும்புமாக அவள் நெஞ்சை விளிம்புவரை நிரப்பியது. நின்றது. திரும்பப் போனது.

பனி விலகியது. கெண்டைகள் வட்டம் கலைந்து, பாசிக்குள் புகுந்து, நாணலை முட்டி, வாலால் தண்ணீரைச் சிதறடித்து விளையாடின. கரையில் தெத்சுரோ நின்றுகொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான்.

"ஒண்ணுகூட மிதக்கலையே" என்றான் அவன் மெதுவாக. பிறகு குரலை உயர்த்தினான். "அக்கா, நீ ஜெயிச்சுட்ட. இனி நான் வாயே திறக்க மாட்டேன். அங்க என்ன குனிஞ்சுட்டு இருக்க, கரைக்கு வா."

ஜெயித்துவிட்டேன் என்று அவளுக்கு நெஞ்சு விம்மியது. நிமிர்ந்து, பார்த்தாயாடா என்று கேட்க நினைத்தாள். அவளை எதுவும் பிடித்திருக்கவில்லை. உதடு ஒட்டியிருக்கவில்லை. நெஞ்சு மட்டும் அவள் சொல்வதைக் கேட்கவில்லை. மூச்சை அடக்கிப் பார்த்தாள். அது அடங்கவில்லை. ஏறியது. நின்றது. இறங்கியது.

வலது கை இன்னும் அவளுடையதாக இருந்தது. அதைத் தூக்கி, உட்காருங்கள் என்று அசைத்தாள். குளம் திறந்தாயிற்று.

தூண்டில்காரர்கள் சிரித்துக்கொண்டே மேடை நெடுக இருக்கைகளை விரித்தார்கள். தக்கைகள் வரிசையாகத் தண்ணீரில் விழுந்து நிமிர்ந்தன. மிசாவோவின் நெஞ்சு ஏறியது. தக்கைகள் எல்லாம் தண்டில் வரைந்த ஒரு கோட்டளவு மேலே ஏறின. நெஞ்சு இறங்கியது. தக்கைகள் இறங்கின. சிரிப்பு ஓய்ந்தது. பேச்சு ஓய்ந்தது. அடுத்த மூச்சுக்கு, மேடை நெடுக உட்கார்ந்திருந்தவர்களின் தோள்கள், அவள் தம்பியின் தோள்களும், ஒன்றாக ஏறி, நின்று, ஒன்றாக இறங்கின.