வெளிச்சம் போடக் கூடாதாம்

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

செருப்பைக் கழற்றும்போதே அது அவள் கண்ணில் பட்டுவிட்டது. தன் மகனைக் கொண்டுபோன நாளிலிருந்து மாமியார் அந்தக் கதவை ஒருபோதும் சாத்த விட்டதில்லை. காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். இன்று செங்கல் சுவரோரம் ஒதுங்கிக் கிடந்தது. அந்தி சாய்ந்தும் வீட்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. நனைந்த சாக்கும் பழைய சுண்ணாம்பும் கலந்த ஒரு வாடை, வெகுநாள் பூட்டிக்கிடந்த நிலவறையை யாரோ இப்போதுதான் திறந்துவிட்டதுபோல, தரையோடு தரையாக ஊர்ந்து வந்து அவள் காலைச் சுற்றிக்கொண்டது.

மாமியார் கூடத்து நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏன் அத்தை இருட்டுல உக்காந்திருக்கீங்க?"

"மெதுவாப் பேசு." கிழவி முகத்தில் சிரிப்பு இருந்தது. "வந்துட்டான்."

அவள் தோள்பையை இறக்கவில்லை. அந்தச் சொல் அவளுக்குப் புதிதல்ல. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தில் அவளுக்கு அதைக் கேட்பதுதான் வேலை. மகன் குளியலறையில் பாடுகிறான் என்று ஒரு தகப்பன் சொல்வார். தெருமுனையில் அவர் வண்டிச் சத்தம் கேட்கிறது என்று ஒரு மனைவி போன் செய்வாள். இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. ஆமாம் என்றும் தலையாட்டக் கூடாது. அவர்கள் அழுது ஓயும்வரை கூடவே இருக்க வேண்டும். புதிதாகச் சேருகிறவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

ஆனால் மாமியார் அந்த ரகம் இல்லை. "கல்லுல நார் உரிக்கணும்னா அந்தம்மாவை அனுப்புங்க" என்று சங்கத்து வக்கீல் கேலி செய்வார். உங்கள் பிள்ளை வெளிநாட்டுக்கு ஓடியிருப்பான் என்று சொன்ன அதிகாரியிடம், "சட்டை போடாமயா ஓடினான்?" என்று கேட்டு வாயடைக்க வைத்தவர். அவர் மகன், அவள் கணவன், அச்சகத்தில் மெஷின் ஓட்டியவன். காணாமல் போனவர்களுக்காக நோட்டீஸ் அடித்துக் கொடுத்தான், அவ்வளவுதான் அவன் செய்தது. ஒரு மத்தியானம் பின்னறையில் படுத்திருந்தவனை அப்படியே எழுப்பிக் கூட்டிப்போனார்கள். வண்டியில் நம்பர் பலகை இல்லை. ஒரு சின்ன விசாரணை, சாயங்காலம் அனுப்பிவிடுவோம் என்றார்கள். அதன்பின் கிணற்றில் போட்ட கல்தான். நாளைக் காலை நீதிமன்ற வாசலில் எல்லாக் குடும்பங்களும் கூடுகின்றன. முதலில் பேசப்போவது மாமியார்.

"நாளைக்குப் பேசணுமில்ல, சாப்பிட்டுட்டுப் படுங்க" என்றபடி அவள் விளக்கின் சுவிட்சைத் தேடினாள்.

"போடாதே! வெளிச்சம் போடக் கூடாதாம்."

அப்போது போன் அடித்தது. தச்சரின் மனைவி. கணவனைத் தேடி அலுக்காமல் அவளோடு முகாம் முகாமாக ஏறி இறங்கியவள்.

"அக்கா, நாளைக்கு நான் வரலை."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"அவரு வந்துட்டாரு." குரல் கிசுகிசுப்பாக இருந்தது, அடக்க முடியாத சந்தோஷம், அதற்கடியில் வேறு ஏதோ. "உள்ரூம்ல இருக்காரு. லைட்டு போடக் கூடாதாம்கா. நாளைக்கு யாரும் போகக் கூடாதாம்."

வைத்தவுடன் மறுபடியும் அடித்தது. இரட்டைப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த ஆசிரியர். எப்போதும் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். "ரெண்டு பேரும் வந்துட்டாங்கம்மா," என்றார். "ஆனா பக்கத்துல போகவிட மாட்டேங்கிறாங்க." பிறகு டாக்சி ஓட்டுநரின் தங்கை. பிறகு ஒரு தாய். அவள் பேசவே இல்லை, மூச்சு மட்டும் விட்டாள். அந்த மூச்சுக்குப் பின்னால் வேறொரு மூச்சு கேட்டது.

அவள் போனை அணைத்தாள்.

வீடு அமைதியாக இருந்தது. சமையலறைக் குழாய் சொட்டியது. எங்கோ தெருவில் ஒரு சைக்கிள் மணி. அதற்குப் பிறகு, சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், மைத்தூசி ஏறிய தொண்டையின் வறட்டு இருமல், இருமி முடித்ததும் ஒரு செருமல். எத்தனையோ இரவுகள் அவள் பக்கத்தில் படுத்துக் கேட்டுப் புலம்பிய இருமல். டாக்டரிடம் போங்கள், போங்கள் என்று நச்சரித்த அதே இருமல்.

அவள் கால்கள் தாமாகவே நடந்தன. கதவில் உள்ளங்கையை வைத்தாள். மரம் ஈரமாக, சில்லென்று இருந்தது.

"என்னங்க?"

"ம்."

"நீங்கதானா?"

"நான்தான்."

"எப்ப விட்டாங்க?"

"யாரும் விடல," என்றது அவன் குரல். "கூட்டிட்டு வந்திருக்காங்க."

"யாரு?"

"பின்னாடி நிக்கிறாங்க."

அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமில்லாத அறை அது.

"நாளைக்குப் போகாதீங்க." பாடம் ஒப்பிக்கும் பிள்ளையின் தட்டைக் குரல். "எல்லாரும் வீட்டுல இருங்க. நான் நல்லா இருக்கேன். போட்டோ தூக்கிட்டு யாரும் அலைய வேணாம். நான் நல்லா இருக்கேன். நாளைக்குப் போகாதீங்க."

"என்னங்க..."

"நான் நல்லா இருக்கேன்."

பிறகு, கதவோடு வாயை ஒட்டிவைத்ததுபோல, மிகத் தாழ்வாக, அவனுடைய சொந்தக் குரல்.

"வாலு." அவளை உலகத்தில் அவன் ஒருவன்தான் அப்படிக் கூப்பிடுவான். "கேக்காதே. போ. நாளைக்குக் கட்டாயம் போ. செத்தும் எங்கள விட மாட்டேங்கி..."

ஒரு அடி விழுந்தது. மூட்டையைத் தடியால் அடிக்கும் சத்தம். அலறல் இல்லை. மறுபடி அடி. மறுபடி.

"ஐயோ, எம்புள்ள!"

மாமியார் அவளை இடித்துத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தார். அந்த வயதுக்கு அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ. அவள் எட்டிப் பிடித்தாள். புடவைத் தலைப்பு விரல்களில் வழுக்கியது. கதவு அறைந்து மூடிக்கொண்டது.

அவள் முட்டினாள். மோதினாள். தோளால் இடித்தாள்.

திறந்தது.

விளக்கைப் போட்டாள். கட்டில். அலமாரி. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன. தரையில் ஈரம்.

யாரும் இல்லை.

காலையில் காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். முன்பு கணவனுக்காக வந்து நின்றபோதும் அதே மேசைதான், அதே பார்வைதான்.

"வீட்டுக்குள்ளயிருந்தே காணாமப் போயிட்டாங்களா?"

"ஆமா."

"வயசானவங்க. சொந்தக்காரங்க யார் வீட்டுக்காவது போயிருப்பாங்க. நல்லாத் தேடிப் பாரும்மா."

நீதிமன்ற வாசலில் சங்கம் வாடகைக்கு எடுத்திருந்த நாற்காலிகள் வெயிலில் காய்ந்தன. ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. வக்கீல் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். யாருக்குப் போன் செய்தாலும் எடுக்கவில்லை என்றார். வரும் வழியில் தச்சர் வீட்டுக் கதவை அவள் தட்டிப் பார்த்திருந்தாள். திறந்தே கிடந்தது, அடுப்பில் பால் பொங்கிக் கருகியிருந்தது, உள்ரூமில் தரை ஈரமாயிருந்தது.

இருந்தாலும் பேசினாள். கணவன் படத்தை ஒரு கையிலும் மாமியார் படத்தை மறு கையிலும் பிடித்துக்கொண்டு, காலி நாற்காலிகளைப் பார்த்து, ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். வாசல் காவலர் கொட்டாவி விட்டார். அவன் போகச் சொன்னான், அவள் போனாள். அதற்குமேல் அவளால் ஆகக்கூடியது எதுவும் இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தாள். போகும்போது எல்லா விளக்குகளையும் எரியவிட்டுத்தான் போயிருந்தாள். ஒன்றும் எரியவில்லை.

சுண்ணாம்பு வாடை.

பின்னறைக் கதவு சாத்தியிருந்தது.

"அம்மாடி." மாமியாரின் குரல். தட்டையாக. "வந்துட்டியா. வெளிச்சம் போடாதே. நான் நல்லா இருக்கேன்."

ஓடியிருக்கலாம். எங்கே ஓடுவது? ஓடினவர்களையும் அவளுக்குத் தெரியும். அவர்கள் படங்களையும் அவள்தான் சட்டம் போட்டு மாட்டினாள்.

தரையில் மண்டியிட்டாள். கன்னத்தைச் சில்லென்ற சிமெண்டில் பதித்தாள். போன் வெளிச்சத்தைக் கதவுக்கடியில் இருந்த இடுக்கில் காட்டினாள்.

பாதங்கள்.

நகம் இல்லாத அவன் பாதங்கள், அவளைப் பார்த்தபடி. அந்தப் பக்கம், வீங்கிய கணுக்காலோடு அத்தையின் பாதங்கள். அவற்றுக்குப் பின்னால் பூட்ஸ்கள். வரிசை வரிசையாக, நெருக்கமாக, சுவர் இருக்க வேண்டிய இடத்தையும் தாண்டி, வெளிச்சம் எட்டிய தூரம் வரை பூட்ஸ்கள்.

அவனுக்கும் அத்தைக்கும் நடுவே, ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு, தரை காலியாக இருந்தது.