உள்ளே வரலாமா?

அந்தக் கேள்வியை எழுதியவளே அவள்தான். ஆனாலும் டிவியில் அதைப் பார்த்ததும் மறுபடி ஒருமுறை படித்தாள்.

"உள்ளே வரலாமா?" கீழே இரண்டு பொத்தான்கள்: வா, வராதே.

பழைய வீடியோ கேம்களை ஃபோன், டிவி, கம்ப்யூட்டர் என்று எதில் வேண்டுமானாலும் ஆடவைக்கும் எமுலேட்டர் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். அதைத் தமிழாக்கும் வேலையை அவள் ஆசையாக இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். வீட்டிலுள்ள இன்னொரு கருவி ஆட்டத்தில் சேர அனுமதி கேட்கும் இடத்தில் அந்தக் கேள்வி வரும். கூடவே உழைக்கும் தாடிக்காரர் காலையில்தான் ஃபோனில் சிரித்தார்: "அம்மா தாயே, இது எமுலேட்டரா, சம்பந்தி வீடா? 'ஆட்டத்தில் சேரலாமா'ன்னு மாத்துங்க."

மாற்றிவிட்டாள். வீட்டுக் கருவிகள் எல்லாவற்றிலும் புதிய மொழிபெயர்ப்பை ஏற்றியும் விட்டாள். பழைய கேள்விதான் நிற்கிறது. கேட்கும் கருவியின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

மழை இறங்கத் தயங்கும் சாயங்காலம்; அடுக்களைக் குழாய் சொட்டிக்கொண்டிருக்க, சூடேறிய பிளாஸ்டிக் வாடைக்கு அடியில் ஈரத்துணியைப் பல நாள் மூடிவைத்தது போன்ற இன்னொரு வாடை வாசல் பக்கமிருந்து கூடத்தில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

'வராதே'யை அமுக்கினாள். கேள்வி மறைந்தது. திரும்ப வந்தது. வைஃபை பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். இப்போது அவள் கையிலிருந்த ஃபோனும் கேட்டது.

சோபாவில் விளையாடிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள். "பாவம்மா, ரொம்ப நேரமா கேக்கறாங்க. வான்னு சொல்லட்டுமா?"

"அதை நீ எப்படிக் குட்டி படிச்ச?"

"எனக்கு எங்க படிக்கத் தெரியும்? காதுல கேக்கறாங்கம்மா."

அவள் பதறிக் கத்தினாள்.

"சொல்லாத! வாயைப் பொத்திக்கோ!"

குழந்தை வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவள் போய் டிவி பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது. எழுத்து மட்டும் அணையவில்லை.

வெளியே போய்விட வேண்டும். இப்போதே. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"எழுந்திரு கண்ணு. வா. சீக்கிரம் வா!"

எழுத்து அணைந்தது.

குழாய்ச் சொட்டு நின்றது. வாடை அவளை உரசிக்கொண்டு உள்ளே போனது.

குழந்தை வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. மகளின் இடது கை மட்டும் மெல்ல மேலே எழுந்தது. யாரோ பெரியவர் பிடித்து நடத்திச் செல்வதுபோல. பிஞ்சு மணிக்கட்டில் சதை ஐந்து இடங்களில் வெளுத்து உள்ளே அமுங்கியிருந்தது.